‘நேமிங்-கன்வென்ஷன்’ ரூல்: பெயர்களுக்குக் காவல் போட்டால் என்ன கிடைக்கும்?

‘நேமிங்-கன்வென்ஷன்’ என்பது, கோடில் உள்ள குறைகளைச் சுட்டிக்காட்டும் ஈஎஸ்லின்ட் என்ற கருவியில், டைப்ஸ்கிரிப்ட் புரோகிராமில் நாம் வைக்கும் பெயர்களைச் சோதிக்கும் ஒரு ரூல் (விதி). முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த ரூலைப் போட்டால் கோடு தானாகவே படிக்க எளிதாகிவிடும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். ஒரே ஃபங்ஷனுக்குள் ‘டேட்டா’, ‘டேட்டா2’, ‘ஃபைனல்டேட்டா’ என்று மூன்று வேரியபிள் வைத்திருப்பவரை இது ஒரு வார்த்தை கேட்காது. மூன்றும் சுத்தமான கேமல் கேஸ் (சின்ன எழுத்தில் தொடங்கி, அடுத்தடுத்த சொல் ஒவ்வொன்றையும் பெரிய எழுத்தில் தொடங்கி ஒட்டி எழுதுவது). பள்ளி வாசலில் நின்று யூனிஃபார்ம் பார்க்கும் பி.டி. மாஸ்டர் மாதிரிதான் இது. வீட்டுப்பாடம் எழுதினாயா என்று கேட்பது அவர் வேலை இல்லை.

அப்படியிருந்தும், எங்கள் ப்ராஜெக்டிலிருந்து இதை நீக்கச் சொல்லி யாராவது புல் ரிக்வெஸ்ட் (கோடு மாற்றத்துக்கான கோரிக்கை) போட்டால் நான் ஒப்புதல் தரமாட்டேன். இதற்குள் ஒரு மூலையில் பூலியனுக்கென்று (உண்மை, பொய் என்ற இரண்டே மதிப்பு கொண்ட டைப்) ஒரு வசதி இருக்கிறது. அதை ஒழுங்காக அமைத்துவிட்டால் மற்ற குறைகளைப் பொறுத்துக்கொள்ளலாம். விமர்சனத்தில் பாதி அதைப் பற்றித்தான்.

டைப்ஸ்கிரிப்ட்-ஈஎஸ்லின்ட் தொகுப்போடு வருகிற ரூல் இது. ஈஎஸ்லின்டை 2013-ல் நிக்கோலஸ் ஸகாஸ் தொடங்கினார். அதற்குள்ளேயே ‘கேமல்கேஸ்’ என்று ஒரு எளிய ரூல் உண்டு, ஆனால் அது பார்ப்பது ஒன்றே ஒன்றுதான்: பெயரின் நடுவில் அண்டர்ஸ்கோர் இருக்கிறதா? முன்னாலோ பின்னாலோ அண்டர்ஸ்கோர் இருந்தால் விட்டுவிடும். சாதாரண வேரியபிளின் முதல் எழுத்தைப் பெரிதாக வைத்தாலும் அதற்குக் கவலையில்லை. ‘நேமிங்-கன்வென்ஷன்’ அப்படியில்லை. வேரியபிள், ஃபங்ஷன், பாராமீட்டர், கிளாஸ், இன்டர்ஃபேஸ், டைப், ஈனம் (enum, பெயரிட்ட மதிப்புகளின் தொகுப்பு), ஈனத்தின் உறுப்பு, ஆப்ஜெக்டின் ப்ராப்பர்ட்டி என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகச் சட்டம் போடலாம். கேமல், பாஸ்கல் (கேமல் போலவே, முதல் எழுத்தும் பெரியது), ஸ்நேக் (சின்ன எழுத்துச் சொற்களை அண்டர்ஸ்கோரால் இணைப்பது), முழுப் பெரிய எழுத்து என்று வடிவம் கேட்கலாம். முன்னொட்டு, பின்னொட்டு கேட்கலாம். ரெகெக்ஸ் (எழுத்து வரிசைக்கான பேட்டர்ன்) எழுதித் தடுக்கலாம். டைப்ஸ்கிரிப்ட் வேரியபிளின் டைப் என்ன என்று தெரிந்து வைத்திருப்பதால், அந்த டைப்பை வைத்தும் சட்டம் போடலாம். கடைசியாகச் சொன்னதுதான் சரக்கு.

எந்த ஆப்ஷனும் கொடுக்காமல் சும்மா ஆன் செய்துபார்க்க ஆசை வரும். ரியாக்டில் (திரையைக் காம்பொனென்ட் என்ற துண்டுகளாகக் கட்டும் லைப்ரரி) வேலை செய்பவர்கள் அதைச் செய்ய வேண்டாம். இயல்பான அமைப்பில் வேரியபிள் என்றால் கேமல் கேஸ் அல்லது முழுப் பெரிய எழுத்து, ஃபங்ஷன் என்றால் கேமல் கேஸ். ரியாக்ட் காம்பொனென்டின் பெயரோ பெரிய எழுத்தில்தான் தொடங்கியாக வேண்டும்; சின்ன எழுத்தில் தொடங்கினால் ஜேஎஸ்எக்ஸ் (ரியாக்டில் எச்டிஎம்எல் போலவே எழுதும் முறை) அதைச் சாதாரண எச்டிஎம்எல் டேக் என்று எடுத்துக்கொள்ளும். ஆக, ‘யூசர்கார்டு’ என்று முறையாகப் பெயர் வைத்த ஒவ்வொரு காம்பொனென்டின் கீழும் சிவப்புக் கோடு விழும். பலர் இந்த இடத்திலேயே ரூலை அணைத்துவிட்டுப் போய்விடுவார்கள் என்று நினைக்கிறேன். ஃபங்ஷனுக்கும், ஃபங்ஷன் டைப்பில் இருக்கும் வேரியபிளுக்கும் பாஸ்கல் கேஸையும் அனுமதித்தால் போதும், திரை அமைதியாகிவிடும்.

வடிவம் பற்றிய சண்டையை இது தீர்த்துவைக்கிறதா என்றால், தீர்த்துவைக்கிறது. ‘யூசர்ஐடி’ என்பதில் கடைசி டி பெரிய எழுத்தா சின்ன எழுத்தா என்று இரண்டு சீனியர்கள் கோட் ரிவ்யூவில் மாறி மாறிக் கமென்ட் போடுவதைப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். ‘ஸ்ட்ரிக்ட்கேமல்கேஸ்’ என்று வைத்தால் அடுத்தடுத்து இரண்டு பெரிய எழுத்து வரக் கூடாது, டி சின்னதுதான், பேச்சு முடிந்தது. பிரவுசருக்கே இதில் ஒரு கொள்கை கிடையாது என்பது வேறு விஷயம். ‘கெட்எலிமென்ட்பைஐடி’யில் ஐ மட்டும் பெரியது. ‘இன்னர்எச்டிஎம்எல்’லில் நான்கு எழுத்தும் பெரியவை. ‘எக்ஸ்எம்எல்எச்டிடிபிரிக்வெஸ்ட்’டில் எக்ஸ்எம்எல் முழுக்கப் பெரியது, எச்டிடிபியில் முதல் எழுத்து மட்டும். ஒரே பெயருக்குள் இரண்டு கட்சி! நல்லவேளை, நாம் புதிதாக வைக்கும் பெயர்களை மட்டுமே இந்த ரூல் பார்க்கும். பிரவுசர் வைத்த பெயரை நாம் பயன்படுத்துவதால் திட்டாது.

சரி, பூலியனுக்கு வருவோம்.

‘ஸ்டேட்டஸ்’ என்று ஒரு வேரியபிள் இருக்கிறது என்று வையுங்கள். அதை ‘இஃப்’புக்குள் போட்டிருக்கிறார்கள். அது ‘ஆக்டிவ்’ என்ற ஸ்ட்ரிங்கா, 200 என்ற எண்ணா, உண்மை-பொய்யா? மேலே ஏறிப்போய்ப் பார்த்தால்தான் தெரியும். ‘இஸ்ஆக்டிவ்’ என்று இருந்திருந்தால் ஏற வேண்டியதில்லை. ஜாவாஸ்கிரிப்டில் காலி ஸ்ட்ரிங்கும் பூஜ்யமும் பொய்யாகவே எடுத்துக்கொள்ளப்படுவதால் இந்தக் குழப்பம் வெறும் அழகு சம்பந்தப்பட்டதாக நிற்காது, பக்காக (பிழையாக) வந்து நிற்கும். ரூலில் வேரியபிள், டைப் பூலியன், முன்னொட்டு ‘இஸ்’, ‘ஹேஸ்’, ‘கேன்’, ‘ஷுட்’ என்று எழுதிவிட்டால், பூலியனுக்கு இந்த நான்கில் ஒன்று இல்லாத பெயர் உள்ளே வராது. பூலியனோடு நல் அல்லது அன்டிஃபைண்ட் (மதிப்பு இல்லை என்பதைக் குறிப்பவை) கலந்திருந்தாலும் பிடித்துவிடும். இந்த ஒரு இடத்தில்தான் ரூல் பெயரின் தோற்றத்தைத் தாண்டி, பெயருக்கும் உள்ளே இருக்கும் சரக்குக்கும் பொருத்தம் பார்க்கிறது.

அமைக்கும்போது ஒரு விசித்திரம் எதிர்ப்படும். முன்னொட்டு கேட்டால், வடிவத்தைக் கேமல் கேஸ் என்று வைக்கக் கூடாது; பாஸ்கல் கேஸ் என்றுதான் வைக்க வேண்டும். ரூல் முதலில் முன்னொட்டை வெட்டி எடுத்துவிட்டு, மிச்சத்தைத்தான் வடிவத்தோடு ஒப்பிடும். ‘இஸ்ஓபன்’ என்பதில் ‘இஸ்’ போனால் மீதி ‘ஓபன்’, அதன் ஓ பெரிய எழுத்து. கேமல் கேஸ் என்று வைத்திருந்தால், சரியாக எழுதிய பெயரையே தவறு என்று சொல்லும். பிழைச் செய்தியில் ‘இன்னதாக வெட்டப்பட்ட பெயர்’ என்று ஒரு வாக்கியம் இருக்கும். அதைக் கவனித்துப் படித்தால் விஷயம் புரியும். படிக்காதவர்கள் ரூலில் பக் என்று சொல்லிக்கொண்டிருப்பார்கள். இந்த வெட்டும் வேலையால் ஒரு நன்மையும் இருக்கிறது. ‘இஷ்யூ’ என்ற ஆங்கிலச் சொல்லும் ஐ, எஸ் என்றுதான் தொடங்குகிறது. பூலியனுக்கு யாராவது அந்தப் பெயரை வைத்தால், முதல் இரண்டு எழுத்தை வெட்டிய பிறகு மீதி சின்ன எழுத்தில் தொடங்கும், மாட்டிக்கொள்ளும்.

எதிர்மறைப் பெயர்களையும் இதே இடத்தில் தடுக்கலாம். ‘இஸ்நாட்டிசேபிள்டு’ என்று ஒரு பெயரை வைத்து, அதற்கு முன்னால் ஒரு ஆச்சரியக்குறி போட்டு, ‘இஃப்’புக்குள் வைத்தால் படிப்பவர் கதி என்ன ஆகும்? மூன்று மறுப்பு. அதைப் பிரித்துப் பார்ப்பதற்குள் டீ ஆறிவிடும். ரெகெக்ஸில் ‘நாட்’ என்ற சொல்லும் அதன் பின் ஒரு பெரிய எழுத்தும் வந்தால் கூடாது என்று எழுதி வைத்திருக்கிறேன். பெரிய எழுத்தைச் சேர்க்காமல் விட்டால் ‘இஸ்நோட்டபிள்’ போன்ற அப்பாவிகளும் மாட்டிக்கொள்வார்கள், ஆங்கிலத்தில் அதுவும் அதே மூன்று எழுத்தில்தான் தொடங்குகிறது. இந்த ரெகெக்ஸ் பார்ப்பதும் முன்னொட்டு வெட்டப்பட்ட பெயரைத்தான், அதனால் அதற்குள் ‘இஸ்’ஸைச் சேர்த்து எழுதினால் எதுவும் பிடிபடாது.

இந்தச் சட்டத்தை எதுவரை நீட்டுவது என்பதில்தான் நிதானம் வேண்டும். ப்ராப்பர்ட்டிகளுக்கும் நீட்டிவிட்டால் காம்பொனென்டின் ப்ராப்ஸில் (அதற்கு வெளியிலிருந்து கொடுக்கும் மதிப்புகளில்) ‘டிசேபிள்டு’, ‘செக்டு’, ‘ஹிடன்’, ‘ரிக்வயர்டு’ எல்லாம் பிழையாகும். இவை எச்டிஎம்எல்லின் சொந்தப் பெயர்கள், முன்னொட்டில்லாமலேயே எல்லோருக்கும் பூலியன் என்று தெரிந்தவை. ஒரு பட்டனுக்கு ‘இஸ்டிசேபிள்டு’ என்று ப்ராப் வைத்து, உள்ளே போய் அதை ‘டிசேபிள்டு’க்கு மாற்றிக் கொடுப்பது எனக்கு வீண் வேலையாகப் படுகிறது. வேரியபிளோடும் பாராமீட்டரோடும் நிறுத்திக்கொள்வதே நல்லது.

ஹுக்குகளில் (ரியாக்ட் காம்பொனென்டுக்குள் அழைக்கும் ஃபங்ஷன்களில்) இன்னொரு சிக்கல். டேட்டா எடுத்துவரும் லைப்ரரி ஹுக் ஒன்று ‘லோடிங்’ என்ற பூலியனைத் தருகிறது, அதை நெளிவு அடைப்புக்குறி போட்டுப் பிரித்து எடுக்கிறோம். பெயர் வைத்தது அந்த லைப்ரரி, திட்டு வாங்குவது நாம். இதற்காக ‘டீஸ்ட்ரக்சர்டு’ என்று ஒரு மாடிஃபயர் (சட்டம் எதற்குப் பொருந்தும் என்று குறுக்கும் நிபந்தனை) இருக்கிறது. அப்படிப் பிரித்தெடுத்த வேரியபிளுக்கு வடிவம் நல் என்று வைத்தால் விலக்கு கிடைக்கும் என்று ஆவணம் சொல்கிறது. வைத்துப் பார்த்தால், பூலியனுக்கு மட்டும் விலக்கு கிடைக்காது! ஒரே வகைக்கு இரண்டு சட்டம் இருக்கும்போது டைப் குறிப்பிட்ட சட்டத்துக்கு மாடிஃபயர் குறிப்பிட்ட சட்டத்தைவிட முன்னுரிமை அதிகம். கான்ஃபிக்கில் எதை மேலே எழுதினோம், எதைக் கீழே எழுதினோம் என்பது கணக்கிலேயே வராது. டைப் பூலியன், மாடிஃபயர் டீஸ்ட்ரக்சர்டு என்று இரண்டும் சேர்ந்த தனிச் சட்டம் ஒன்றை எழுதினால்தான் வழிக்கு வரும். முன்னுரிமை வரிசை ஆவணத்தில் இருக்கத்தான் செய்கிறது, ஆனால் தேவைப்படும்வரை யாரும் படிக்காத பகுதியில் இருக்கிறது. கூடவே இன்னொன்று: ரியாக்டின் ‘யூஸ்ஸ்டேட்’ ஹுக் தருவது அர்ரே (வரிசைப் பட்டியல்). சதுர அடைப்புக்குறியில் எடுப்பதற்கு இந்த மாடிஃபயர் பொருந்தாது. அதனால் ‘ஓபன்’, ‘செட்ஓபன்’ என்ற ஜோடி ‘இஸ்ஓபன்’, ‘செட்இஸ்ஓபன்’ ஆகிவிடும். இரண்டாவது பெயர் வாய்க்கு வராது, கண்ணுக்குப் பழகிவிடும்.

இனி, இதனால் முடியாதவை. பட்டியல் நீளம், எனக்கு முக்கியமாகப் படுவது அலகு. வெப்பில் நேரம் என்பது ஒரு கண்ணிவெடி வயல். ‘செட்டைம்அவுட்’ கேட்பது மில்லிசெகண்ட். குக்கியின் ‘மேக்ஸ்-ஏஜ்’ கேட்பது செகண்ட். ‘டேட்.நவ்’ தருவது மில்லிசெகண்ட், உள்நுழைந்தவருக்குத் தரும் ஜேடபிள்யூடி டோக்கனுக்குள் இருக்கும் ‘எக்ஸ்ப்’ (காலாவதி நேரம்) செகண்ட். ‘நவ்’ என்று ஒரு வேரியபிள், ‘எக்ஸ்பைரி’ என்று ஒரு வேரியபிள், நவ் பெரிதாக இருந்தால் லாக்அவுட் செய் என்று ஒரு வரி. டைப் சரி, இரண்டும் எண். வடிவம் சரி, இரண்டும் கேமல் கேஸ். ரூலும் மௌனம், கம்பைலரும் மௌனம். மில்லிசெகண்ட் எண் ஆயிரம் மடங்கு பெரியது என்பதால் உள்ளே வந்த ஒவ்வொருவரும் உடனே வெளியே தள்ளப்படுவார்கள். ‘நவ்எம்எஸ்’, ‘எக்ஸ்பைரிசெக்’ என்று பெயர் இருந்திருந்தால் அந்த வரியைப் படிக்கும் எவருக்கும் உறுத்தியிருக்கும். எண் டைப்புக்கெல்லாம் பின்னொட்டு கட்டாயம் என்று ரூலில் எழுத முடியும்தான், ஆனால் ‘கவுன்ட்’டுக்கும் ‘இன்டெக்ஸ்’ஸுக்கும் என்ன அலகு போடுவது? இதை ரிவ்யூவில் மனிதர்தான் கேட்க வேண்டும். ‘கெட்யூசர்’ என்று பெயர் வைத்துவிட்டு, ஆள் இல்லையென்றால் புதிதாக ஒரு யூசரை உருவாக்கும் ஃபங்ஷனும் இதே ரகம். பெயர் பொய் சொல்கிறது, ரூலுக்கு அது தெரிய வழியில்லை.

பேக்எண்டோடு (சர்வர் பக்கக் கோடோடு) பேசும் இடம் இன்னொரு தலைவலி. பைத்தான்காரர்களுக்குப் பெப் 8 (பைத்தானின் நடை வழிகாட்டி) சொல்வது ஸ்நேக் கேஸ், டேட்டாபேஸ் நெடுவரிசைப் பெயர்களும் பெரும்பாலும் அப்படியே, ஆகவே ஜேசனில் (டேட்டா அனுப்பும் வடிவம்) ‘கிரியேட்டட்_அட்’ என்றுதான் வரும். வந்ததையெல்லாம் ஒரு லைப்ரரி வழியாகக் கேமல் கேஸுக்கு மாற்றிக்கொள்பவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. ஒரு ஃபீல்டு எங்கெல்லாம் பயன்படுகிறது என்று இரண்டு பக்கக் கோடிலும் தேட வேண்டிய நாளில், இரண்டு பெயரில் இரண்டு தடவை தேட வேண்டியிருக்கும், பாதியை விட்டுவிடுவோம். ஏபிஐ டைப்கள் இருக்கும் ஃபோல்டருக்கு மட்டும் ப்ராப்பர்ட்டி சட்டத்தைத் தளர்த்திவிட்டு, வந்த பெயரை வந்தபடியே வைத்துக்கொள்வது என் பழக்கம். ‘கன்டென்ட்-டைப்’ போன்ற ஹெடர் பெயர்களுக்கு அந்தக் கவலையும் வேண்டாம். மேற்கோள்குறிக்குள் எழுதியே ஆக வேண்டிய பெயர்களுக்கென்று ‘ரிக்வயர்ஸ்கோட்ஸ்’ என்ற மாடிஃபயர் இருக்கிறது, ஒரு சட்டத்தில் விலக்கு கொடுத்துவிடலாம். டேட்டா ஆட்ரிபியூட்டுகளைப் பிரவுசரே பார்த்துக்கொள்கிறது: எச்டிஎம்எல்லில் ‘டேட்டா-யூசர்-ஐடி’ என்று எழுதியதை ஜாவாஸ்கிரிப்டில் ‘டேட்டாசெட்’டுக்குள் கேமல் கேஸில் தந்துவிடும்.

போட்டியாளர் என்று பார்த்தால் ஈஎஸ்லின்டுக்கான யூனிகார்ன் ப்ளகினில் உள்ள ‘ப்ரிவென்ட்-அப்ரீவியேஷன்ஸ்’. சிந்த்ரே சோர்ஹுஸ் ஆரம்பித்த ப்ளகின் அது. ‘பிடிஎன்’ என்றால் ‘பட்டன்’ என்று எழுது, ‘எர்ர்’ என்றால் ‘எரர்’ என்று எழுது என்று சுருக்கங்களைத் துரத்தும், ஒரே ஒரு மாற்றுச் சொல் இருந்தால் தானே திருத்தியும் விடும். எண்ணம் நல்ல எண்ணம், கை கொஞ்சம் கடுமை. ‘ப்ராப்ஸ்’ஸையும் ‘ரெஃப்’பையும்கூடச் சுருக்கம் என்று எடுத்துக்கொள்கிறது. ரியாக்டில் வேலை செய்பவருக்கு அவை சுருக்கமா? அவைதான் சொல்லே. விலக்குப் பட்டியல் எழுதி எழுதி அலுத்துப்போய் அதை விட்டுவிட்டேன். சிஎஸ்எஸ் பக்கம், அதைச் சோதிக்கும் கருவியான ஸ்டைல்லின்டின் நிலையான கான்ஃபிக் கிளாஸ் பெயருக்குக் கெபாப் கேஸ் (சின்ன எழுத்துச் சொற்களை ஹைஃபனால் இணைப்பது) கேட்கும். யாண்டெக்ஸில் பிறந்த பெம் என்ற கிளாஸ் பெயரிடும் முறைப்படி இரட்டை அண்டர்ஸ்கோர் போட்டு எழுதுபவர்கள் அந்தப் பேட்டர்னை மாற்றிக்கொள்ள வேண்டும். அங்கே வேறு பிரச்சினை எனக்கு வந்ததில்லை.

பழைய ப்ராஜெக்டில் இதை நுழைப்பவர்கள் ஒன்றைத் தெரிந்துகொண்டு இறங்குங்கள்: இது எதையும் தானாகத் திருத்தாது. பெயரை மாற்றினால் அதைப் பயன்படுத்தும் இடமெல்லாம் மாற வேண்டும் என்பதால் அது நியாயமும்கூட. விஎஸ் கோடில் எஃப்2 அழுத்தி ஒவ்வொன்றாக மாற்றலாம்; ஸ்ட்ரிங்குக்குள் ஒளிந்திருக்கும் பெயர்கள் அதற்கும் தப்பிவிடும். முன்பெல்லாம் எச்சரிக்கை நிலையில் வைத்துவிட்டு ஆயிரக்கணக்கான மஞ்சள் வரிகளைப் பார்க்காத மாதிரி இருப்பதுதான் வழக்கம். 2025-ல் ஈஎஸ்லின்ட் 9.24 வந்ததிலிருந்து, இருக்கும் பிழைகளை மொத்தமாக ஒரு ஃபைலில் பதிந்து அடக்கிவைத்துவிட்டு, புதிதாக வருவதை மட்டும் தடுக்க முடிகிறது. அதற்கு ரூல் பிழை நிலையில் இருக்க வேண்டும், எச்சரிக்கைக்கு இது செல்லாது.

வேகம் பற்றிக் கேட்பார்கள். டைப்பை வைத்து எழுதும் சட்டங்களுக்கு டைப் விவரம் வேண்டும், அதைத் திரட்ட டைப்ஸ்கிரிப்ட் முழு ப்ராஜெக்டையும் பார்க்க வேண்டும். வடிவம் மட்டும் போதும் என்றால் இந்தச் சுமை இல்லை, ஆனால் பூலியன் வசதியும் இல்லை. நான் சுமையோடுதான் ஓட்டுகிறேன், டைப் பார்க்கும் மற்ற ரூல்களும் இருப்பதால் தனியாக உறைக்கவில்லை. இந்த ரூலுக்குப் புதிய ஆப்ஷன்கள் இனி சேர்க்கப் போவதில்லை, பிழைகளை மட்டும் திருத்துவோம் என்று டைப்ஸ்கிரிப்ட்-ஈஎஸ்லின்ட் குழுவினரே அறிவித்துவிட்டார்கள். எனக்கு அதில் வருத்தமில்லை. இருக்கும் ஆப்ஷன்களையே முழுதாகப் பயன்படுத்திய கான்ஃபிக்கை இன்னும் பார்க்கவில்லை. பார்த்த வரையில் நீளமான கான்ஃபிக் எல்லாம் டைப் பாராமீட்டருக்கு ஒரு முன்னொட்டு, பிரைவேட்டுக்கு ஒரு அண்டர்ஸ்கோர், ஈனத்துக்கு இன்னொன்று என்று எழுதியவரைத் தவிர யாருக்கும் புரியாத சட்டப் புத்தகமாகத்தான் முடிகின்றன.

தனியாக ப்ராஜெக்ட் செய்பவருக்கு இது வேண்டாம், ‘கேமல்கேஸ்’ ரூலே போதும். நான்கைந்து பேருக்கு மேல் கை வைக்கும் டைப்ஸ்கிரிப்ட் கோடு என்றால் போடுங்கள். ஃபங்ஷனுக்குப் பாஸ்கல் அனுமதி, டைப்களுக்குப் பாஸ்கல், பூலியனுக்கு முன்னொட்டு, பிரித்தெடுத்த பூலியனுக்கு விலக்கு, ஹெடர் பெயர்களுக்கு விலக்கு. இவற்றுக்கு மேல் போகாதீர்கள். அப்புறம், ஃபைல் பெயர்களை இது பார்ப்பதில்லை என்பதால் யூனிகார்னில் ‘ஃபைல்நேம்-கேஸ்’ ரூலை மட்டும் தனியாக எடுத்துச் சேர்த்துக்கொள்ளுங்கள். மேக்கின் இயல்பான ஃபைல் சிஸ்டத்துக்கு ‘யூசர்கார்டு’ ஃபைலின் சி பெரிதா சின்னதா என்ற வித்தியாசம் தெரியாது, லினக்ஸுக்குத் தெரியும். டைப்ஸ்கிரிப்ட் 5.0 முதல் ஒரே ஃபைலை இரண்டு விதமாக இம்போர்ட் செய்தால் இயல்பாகவே பிழை காட்டுகிறது. ஆனால் ஃபைலின் பெயரை மேக்கில் எழுத்தளவு மட்டும் மாற்றினால், கிட் (கோடின் மாற்றங்களைப் பதிவு செய்யும் கருவி) அதைக் கவனிக்காமலே விட்டுவிடலாம். ‘கிட் எம்வி’ கொடுத்து மாற்றுங்கள்.